ஏழடி சமையல் மேடை

டிசம்பர் 1, திங்கள்

காலை ஏழரை வரை பனி. எதிர் வீட்டு மொட்டை மாடி கண்ணுக்கே தெரியவில்லை. ஸ்வெட்டர், மஃப்ளர். வாக்கிங் ரத்து. ரிட்டயர் ஆகி இன்றோடு ஒரு மாதம். பேப்பரை இரண்டு தடவை படித்தாயிற்று.

பிலோ சமையலறையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவள் அக்கா ரெஜினா. காதில் விழுந்தது:

"இந்த வருஷமும் நீயே வச்சிக்கக்கா. எங்க வூட்ல எங்க இடம்? மேடைய நீயே பாத்திருக்க இல்ல? ஒரு தட்டு வைக்க வழியில்ல."

கல்கல் விஷயம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தங்கை மூன்று பேரும் ஒரே வீட்டில் கூடுவார்கள். மைதாவில் தேங்காய்ப் பால் விட்டுப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக முள்கரண்டி முதுகில் வைத்துச் சுருட்டி, பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டி எடுப்பார்கள். மூன்று வீட்டுக்கும் பங்கு. வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை. இந்த வருஷம் எங்கள் முறை. பிலோ தன் முறையை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. மகள் ஷீபா வயிற்றில் இருந்தபோது, எட்டாம் மாதத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சுருட்டினாள்.

போனை வைத்துவிட்டு வந்தவள் முகம் சரியில்லை. கேட்டேன். "ஒண்ணுமில்ல, இடமில்லன்னு சொன்னேன்" என்றாள்.

இடம்தானே பிரச்சினை? முப்பத்து நாலு வருஷம் ஃபேக்டரி ஸ்டோர்ஸ் பார்த்தவன் வீட்டில் இடப் பிரச்சினையா! டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மேடை நீளம் ஏழடி. அதில் காலியாக இருப்பது பதினாலு அங்குலம்.

மேடை மேல் இருந்தவை: அடுப்பு. மிக்சி. தண்ணீர் ஃபில்டர். தட்டு ஸ்டாண்டு. அஞ்சறைப் பெட்டி. பெருங்காய டப்பா. டீத்தூள், சர்க்கரை, ஏலக்காய் பாட்டில். உப்பு ஜாடி. மல்லித்தூள், மிளகாய்த்தூள் டப்பாக்கள். பருப்பு டின் மூன்று. எண்ணெய் கேன். குக்கர். வடிகட்டி இரண்டு (எதற்கு இரண்டு?). நெய். ஊறுகாய் நாலு. மாத்திரை டப்பா. கடிகாரம் ஒன்று, ஓடவில்லை.

மேல் அலமாரி: பாதிக்கு மேல் காலி! இடத்தை வைத்துக்கொண்டே இடமில்லை என்கிறாள். பிலோவுக்கு ஸ்டோர்ஸ் தெரியாது.

கீழ் கபோர்டு: என் டூல்ஸ். அதைத் தொட வேண்டியதில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

தூறல். எட்டு மணிக்கே வேலை ஆரம்பம்.

எல்லாச் சாமானையும் ஹால் தரையில் பரப்பி வகை பிரித்தேன். ஃபேக்டரி வழக்கம்தான். எஃப் என்றால் தினமும் ஓடுவது. எஸ் என்றால் வாரத்துக்கு ஒரு தடவை. என் என்றால் அசையாத சரக்கு, தூக்கிப் போட வேண்டியது. கடிகாரம் என். ஊறுகாயில் இரண்டு என். பிலோ பார்த்துக்கொண்டே தாண்டிப் போனாள். "நடக்கவாவது வழி வைங்க."

அல்சூர் பஜாரில் ஹார்டுவேர் கடை. பிளாஸ்டிக் ஷெல்ஃப் எடுத்தேன். கடைக்காரர் என் கையிலிருந்து பிடுங்காத குறை, கன்னடத்தில்: "பிளாஸ்டிக் பேட சார், ஸ்டீல் தகொள்ளி. மனே யஜமானி பைபாரது." ஸ்டீல் வாங்கினால் வீட்டம்மாவிடம் திட்டு விழாதாம். நல்ல மனிதர். ஸ்டீல் ஷெல்ஃப் இரண்டு, கொக்கிக் கம்பி ஒன்று.

எங்கே மாட்டுவது என்று பிலோவிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். தரையிலிருந்து ஐந்தரை அடியில் பென்சில் கோடு. கை நீட்டிப் பார்த்தேன். சுலபமாக எட்டுகிறது.

டிசம்பர் 3, புதன்

டிரில்லிங். பக்கத்து வீட்டு மும்தாஜ் பாபி ஜன்னல் வழியாக, "க்யா அண்ணா, வூட்டை உடைக்கிறீங்களா?" என்றார். நாலு ஓட்டை, நாலும் ஒரே மட்டம். சுவர் பழைய சுவர், மண்ணாகக் கொட்டியது. பிளக் போட்டு இறுக்கிவிட்டேன். ஆளே தொங்கலாம்.

மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் மேலே போயாயிற்று. டப்பாக்கள் இரண்டு வரிசை. பெரிது பின்னால், சிறிது முன்னால். ஒவ்வொன்றுக்கும் லேபிள். பருப்பு டின்கள் மேல் அலமாரியில். கரண்டிகள் கொக்கியில்.

மேடையில் இப்போது காலி: நாலடி இரண்டு அங்குலம். மூன்று தடவை அளந்தேன். அதே.

ஷெல்ஃப் ஓரத்தில் ஒரு கார்டு தொங்கவிட்டிருக்கிறேன். ஸ்டோர்ஸில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கார்டு உண்டு. எடுத்தால் ஒரு கோடு போட வேண்டும். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பென்சிலையும் நூலில் கட்டிவிட்டேன். பிலோ சிரித்தாள். "நல்லாத்தான் இருக்கு. போட்டோ எடுத்து ஷீபாவுக்கு அனுப்புங்க." அனுப்பினேன். ஷீபா கோயம்புத்தூரிலிருந்து மூன்று கைதட்டல் படம் அனுப்பினாள்.

சந்தோஷத்தில் நானே ரெஜினா அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, இந்த வருஷம் கல்கல் எங்க வூட்லதான். மேடை ரெடி. பதினாலாந் தேதி ஞாயித்துக்கிழமை வந்துடுங்க." அவருக்கு ஒரே குஷி. தங்கை அமலாவுக்கும் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

திரும்பினால் பிலோ வாசற்படியில் நிற்கிறாள். "என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?" கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

பிலோ விஷயத்தில் கோபம். காலை ஆறரைக்கு எழுந்து பார்த்தால் பெருங்காய டப்பா அடுப்புப் பக்கத்தில். டீத்தூளும். எடுத்து மேலே வைத்தேன். பத்து மணிக்கு மறுபடி பெருங்காயம், இப்போது மல்லித்தூளும் சேர்த்து. ஸ்டூல் வேறு நடுவழியில். இடறி விழப் பார்த்தேன்.

"எடுத்தா எடுத்த எடத்துல வை பிலோ. அதான் சிஸ்டம். ஒருத்தர் மீறினா எல்லாம் போச்சு."

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் பிலோ இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. சிஸ்டத்தின் வழிக்கு வந்துவிட்டாள்.

கரண்ட் பில் கட்ட மறக்கக் கூடாது. கண்ணாடி ஃபிரேம் ஸ்க்ரூ.

டிசம்பர் 6, சனி

வெயில் நன்றாக அடித்தது. போர்வை காயப் போட்டோம். காயப்போட்டது நான்.

இரண்டு நாளாகச் சாப்பாடு சரியில்லை. குழம்பில் பெருங்காயம் இல்லை. டீயில் ஏலக்காய் இல்லை. நேற்று துவரம் பருப்பு போட வேண்டிய கூட்டில் வெறும் பூசணி. இன்று ரசம், பெயர்தான் ரசம். கேட்டால், "வயசாயிடுச்சி, மறந்துடுச்சி" என்கிறாள். ஐம்பத்து மூன்று ஒரு வயதா?

மேடை மட்டும் பளிச். நாலடி இரண்டு அங்குலம் அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

எட்டு மணி பூசை. பிலோ மறுபடி சுடிதார். வாசலில் ரெஜினா அக்கா, "என்னடி, கோயிலுக்குக்கூட புடவ கட்ட மாட்டியா இப்பல்லாம்?" என்று பிடித்துக்கொண்டார். "ஈஸியா இருக்குக்கா" என்று நழுவிவிட்டாள். தலைமுடியும் முன்பு போல் கொண்டை இல்லை. வெறும் கிளிப். ஈஸிதான் போலிருக்கிறது.

சாயங்காலம் கார்டைப் பார்த்தேன். புதன் மதியத்திலிருந்து இன்று வரை:

பெருங்காயம் — வியாழன் இரண்டு கோடு. பிறகு இல்லை.
டீத்தூள் — வியாழன் ஒன்று. மற்றதெல்லாம் நான் போட்ட கோடு.
மல்லித்தூள் — வியாழன் ஒன்று.
ஏலக்காய் — இல்லை.
துவரம் பருப்பு — இல்லை.
மிளகாய்த்தூள் — இல்லை.

ஸ்டோர்ஸ் கணக்குப்படி இவை எல்லாம் அசையாத சரக்கு. அதாவது தூக்கிப் போட வேண்டியவை. ஒரு தமிழ் வீட்டில் துவரம் பருப்பு அசையாத சரக்கா? கார்டு பொய் சொல்லாது. சரக்கு ஓடவில்லை என்றால் ஒன்று தேவை இல்லை, இல்லாவிட்டால் ஆளுக்குக் கை எட்டவில்லை. முதல் வருஷ டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுப்பது இது.

ஸ்டூல் இருக்கிறதே. ஏறி எடுக்கலாமே. புரியவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் பேப்பர் தேடுவது போலச் சமையலறை வாசலில் நின்றேன். பிலோ என்னைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் ஏறினாள். இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வலது கையைத் தூக்கினாள். கை மார்பு உயரம் வந்தது, நின்றது. முகம் ஒரு பக்கமாகச் சுளித்தது. கீழே இறங்கி, தோசைத் திருப்பியை இடது கையில் எடுத்து, தரையில் நின்றபடியே டப்பாவைக் கொக்கி போட்டு இழுத்தாள். மல்லித்தூள் டப்பா தலைக்குப் பக்கமாக வந்து விழுந்தது. மூடி கழன்று, தரையெல்லாம் தூள்.

ஓடிப் போனேன். "கையத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்கு பிலோ."

தூக்கவில்லை. தூக்க முடியவில்லை. அப்படியே தூளில் உட்கார்ந்து அழுதாள். வலியில் இல்லை, கோபத்தில். என் மேல்.

எட்டு மாதமாம். ஏப்ரலில் ஆரம்பித்ததாம். முதலில் கொண்டை போட முடியவில்லை. பிறகு ஜாக்கெட்டின் முதுகுப் பக்கக் கொக்கி எட்டவில்லை, அதனால் சுடிதார். ராத்திரியில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிவதில்லை.

"மொதல்ல பெருங்காய டப்பாவ மேலருந்து கீழ எறக்கினேன். அப்புறம் டீத்தூளு. தட்டெல்லாம் ஆகஸ்ட்ல வந்துச்சி. பருப்பு டின்னு போன மாசம் மும்தாஜ் எறக்கிக் குடுத்தா."

மேடையில் இருந்ததெல்லாம் அப்படி வந்தது. நான் பட்டியல் போட்டு, லேபிள் ஒட்டி, ஒவ்வொன்றாக மறுபடி மேலே ஏற்றியிருக்கிறேன். நாலடி இரண்டு அங்குலம் என்று போட்டோ வேறு.

"ஏன் சொல்லல?"

"சொன்னா? முன்னாடி எனக்கு ஆபரேஷன் ஆனப்ப என்ன பண்ணீங்க? சுவத்துல சார்ட் ஒட்டினீங்க. எத்தன மணிக்கு எழுந்திரிக்கணும், எத்தன மணிக்குக் கஞ்சி. மூணு மாசம் அடுப்புகிட்டயே விடல. சரக்கு மாதிரி ஷெல்ஃப்ல வச்சிட்டீங்க என்ன. கல்கல்லு என்னால பெசைய முடியாதுன்னுதான் அக்காகிட்ட வுட்டுக் குடுத்தேன். அதையும் நீங்க போன் போட்டு…"

வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஸ்டோர்ஸில் தினமும் ஓடும் சரக்கைத் தோளுக்கு மேல் வைத்தால் நானே ஆளைக் கூப்பிட்டுக் கத்துவேன். முப்பத்து நாலு வருஷம் கத்தினேன். தெரியாத நாற்பது பேருக்குப் பார்த்த உயரத்தை வீட்டில் ஒருத்திக்குப் பார்க்கவில்லை. என் கையை நீட்டி அளந்தேன்!

மல்லித்தூளை நானே கூட்டினேன். மூன்று தடவை தும்மல்.

டிசம்பர் 9, செவ்வாய்

அல்சூர் கிளினிக். டோக்கன் பதினொன்று. பிலோவுக்குப் பயம், டாக்டரிடம் இல்லை, என்னிடம்.

டாக்டரம்மா கன்னடத்தில் எத்தனை மாதமாக என்று கேட்டார். பிலோ எட்டு என்றாள். என்னைப் பார்த்தார். எனக்கு நேற்றிலிருந்துதான் தெரியும் என்றேன். எழுதிக்கொண்டார்.

தோள் மூட்டு இறுகிப் போயிருக்கிறதாம். இந்த வயதுப் பெண்களுக்கு நிறைய வருகிறதாம். மாதக் கணக்கில் ஆகும், ஆனால் இளகிவிடும். வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி, வீட்டில் பயிற்சி.

"சமையல் வேலையெல்லாம் நிறுத்திடலாமா மேடம்?" என்று கேட்டேன். மேஜைக்குக் கீழே பிலோ என் காலை மிதித்தாள்.

டாக்டரம்மா தமிழுக்கு வந்தார். "நிறுத்தினா இன்னும் இறுகிடும் சார். கனம் தூக்க வேணாம். தோளுக்கு மேல வேணாம். மத்ததெல்லாம் பண்ணட்டும். நீங்க சும்மா இருந்தா போதும்."

வெளியே வந்ததும் பிலோ இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "கேட்டீங்களா? சும்மா இருந்தா போதும்."

சும்மா இருக்கப் போவதில்லை. ஆனால் இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்வேன்.

டிசம்பர் 10, புதன்

மேகமூட்டம். ஷெல்ஃப் இரண்டையும் கழற்றியாயிற்று.

பிலோவைச் சமையலறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப் பார்த்தேன். முறைத்தாள். சரி, நிற்கட்டும். அடுப்பு முன்னால் நின்று, வலது கையைத் தூக்காமல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றச் சொன்னேன். கை போன இடமெல்லாம் சாக்பீஸ் கோடு. மேடையில் ஒரு வளைவு, கீழ் கபோர்டில் ஒரு வளைவு. குனிவதில் அவளுக்குக் கஷ்டம் இல்லை, தூக்குவதில்தான். தினமும் ஓடும் சரக்கு எல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருக்க வேண்டும். இதுதான் விதி.

அப்போதுதான் பிலோ கேட்டாள்: "கீழ் கபோர்டுல என்னங்க இருக்கு?"

திறந்தோம். டிரில்லிங் மெஷின். பெயின்ட் டின் இரண்டு, காய்ந்து போனவை. ஒயர் சுருள். உடைந்த குழாய் மூன்று. பழைய ஃபேன் ரெகுலேட்டர். குக்கர் கைப்பிடி நாலு, எந்தக் குக்கருடையது என்று தெரியவில்லை. பிஸ்கட் டின் நிறைய ஆணி. ரிட்டயர் ஆன அன்று கொண்டுவந்த பை, இன்னும் அவிழ்க்கவில்லை.

"இதெல்லாம் எஃப்பா, எஸ்ஸா?" என்றாள்.

டிரில்லிங் மெஷினைத் தவிர எல்லாம் என். இடுப்பு உயரத்தில், கைக்கு நேராக, மொத்த வீட்டிலும் நல்ல இடத்தில் என்னுடைய அசையாத சரக்கு. அவளுடைய பருப்பு மேல் அலமாரியில். பெயின்ட், குழாய், ரெகுலேட்டர் எல்லாம் பழைய சாமான்காரருக்கு. மெஷினும் ஆணியும் பரணுக்கு. எனக்கு எட்டும்.

ஹார்டுவேர் கடைக்கு மறுபடி. ஷெல்ஃபைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இழுத்தால் வெளியே வரும் கம்பிக் கூடை மூன்று. கடைக்காரர், "பைதுரா சார்?" என்றார். திட்டு விழுந்ததா என்று. விழுந்தது என்றேன். "நான் சொன்னேனல்லா ஸ்டீல் தகொள்ளி அந்தா?" ஸ்டீலில் தப்பில்லை, உயரத்தில்தான் தப்பு என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

குளிர். விரலெல்லாம் விறைப்பு.

வேலை முடிந்தது. பருப்பு, மாவு, சர்க்கரை: முதல் கூடை. தூள் டப்பாக்கள்: இரண்டாவது, ஒரே வரிசை, மூடி மேல் பார்த்து லேபிள். தட்டுகள்: மூன்றாவது, நிற்க வைத்து. ஃபில்டர் கேனை வாசல் ஓர ஸ்டாண்டுக்கு மாற்றினோம். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. பெருங்காயம், உப்பு, டீத்தூள் மட்டும் மேடையில், அடுப்புக்கு இடது பக்கம், பிலோ காட்டிய இடத்தில். "இத மட்டும் தொடாதீங்க." தொடவில்லை.

காலி இடம்: மூன்றடி ஒன்பது அங்குலம். குக்கரும் எண்ணெய் கேனும் மறுபடி மேடைக்கு வந்ததில் முன்பை விட ஐந்து அங்குலம் குறைவு. பரவாயில்லை. கல்கல் தட்டு மூன்று தாராளமாக உட்காரும்.

கார்டைக் கழற்றச் சொல்வாள் என்று நினைத்தேன். "இருக்கட்டும், எக்சர்சைஸுக்கு" என்கிறாள். பிசியோ சொன்ன பயிற்சி: சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சிலந்தி போல மெல்ல மெல்ல மேலே நடத்த வேண்டும். ஷெல்ஃப் கழற்றிய இடத்தில் என் ஓட்டைகள் நாலும் அப்படியே. பூசலாம் என்றேன். வேண்டாமாம். ஓட்டைதான் எல்லையாம். கார்டில் பெருங்காயம், மல்லித்தூள் எல்லாம் அடித்துவிட்டு, பக்கத்தில் "கை" என்று எழுதி, எவ்வளவு ஏறியது என்று விரற்கடைக் கணக்கில் குறித்திருக்கிறாள். இன்று, ஓட்டைக்குப் பதினேழு விரற்கடை கீழே.

மதியம் சாம்பார். மூன்று தடவை ஊற்றிக்கொண்டேன்.

ஒரு விஷயம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். கையைப் பற்றி அக்காவுக்கும் அமலாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நீங்க ஒருத்தருக்கும் போன் போடாதீங்க." சரி. மாவை யார் பிசைவது என்று கேட்டதற்கு, "பாத்துக்கலாம்." இரண்டு கிலோ மைதா. கட்டி மாவு. சொல்லாமல் வலியோடு பிசைந்துவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம். செய்யக்கூடியவள்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து பத்தரைக்கெல்லாம் வந்துவிட்டார்கள். ரெஜினா அக்கா கையில் முள்கரண்டிக் கட்டு, அமலா கையில் தேங்காய் ஆறு. மும்தாஜ் பாபி சுருட்டுவதற்கு வந்துவிட்டார், ஒவ்வொரு வருஷமும் போல. வெளியே இளவெயில்.

அக்கா சமையலறையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ஒவ்வொரு கூடையாக இழுத்துப் பார்த்தார். "எங்க வூட்டுக்கும் வந்து பண்ணிக் குடுங்க" என்றார். யார் பிளான் என்று கேட்டதற்கு, பிலோ பிளான் என்றேன். உண்மைதானே.

நான் உள்ளே நின்று தேங்காய் துருவலாம் என்று பார்த்தேன். நாலு பேரும் சேர்ந்து வெளியே தள்ளிவிட்டார்கள். மூன்றடி ஒன்பது அங்குலத்தில் எனக்கு ஓரங்குலம் இல்லை. ஹாலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து ஓடவில்லை. காது அங்கேதான்.

தேங்காய்ப் பால் பிழிந்தாயிற்று. மாவு சலிக்கும் சத்தம். அக்கா குரல்: "ஏண்டி பார்த்துக்கிட்டே நிக்குற? உன் முறதானே, பெசை. நீ பெசைஞ்சாதானே மாவு சரியா வரும்." அமலா, "அதானே" என்கிறாள்.

பிலோ குரல் இல்லை. எழுந்து போகலாமா? ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறாள். பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதோ. நாலு சுவருக்கும் கேட்கிற மாதிரி:

"என்னால முடியாதுக்கா. எட்டு மாசமா கை தூக்க முடியல. ஏங்க! கைய கழுவிட்டு வாங்க, மாவு பெசையணும்!"

போகிறேன்.